பேர் வெட்டுப்படுமோ என்ற பயம்: கொவிட் காலத்து வேலையும் மனமும், வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பெருந்தொற்றுக் காலத்தில் வேலைத்தளத்தில் வந்த மன அழுத்தம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு, இலங்கை மலையகத்தில் அவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போடும் பதிவைத்தான் "பேர்" என்கிறார்கள்.

காலையில் பெரட்டுக்களத்தில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) நிற்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. மாஸ்க் போட்டுக்கொண்டு மலை ஏறினால் மூச்சு முட்டுகிறது. கொரோனாவாக இருக்குமோ என்று பயம். டிஸ்பென்சரியில் காட்டினால் வேலைக்கு வரவேண்டாம் என்று பேரை வெட்டிவிடுவார்களோ என்று அதையும் செய்யவில்லை.
– கொழுந்தெடுக்கும் வாசகி, பொகவந்தலாவை

நீங்கள் ஒன்று என்று நினைப்பது நாலு சங்கதிகள் சேர்ந்தது. பிரித்துப் பார்ப்போம்.

முதலில் மாஸ்க். உங்கள் பக்கத்துக் காலைப் பனியிலும் தூறலிலும் துணி மாஸ்க் சீக்கிரமே ஈரமாகிவிடும். ஈரத்துணி மூக்கோடு ஒட்டிக்கொண்டால் மூச்சு இழுப்பது கஷ்டம். கிருமியைத் தடுப்பதும் குறையும். ஆகவே "இத்தனை மணி நேரத்துக்கு ஒன்று" என்ற கணக்கு மலையில் செல்லாது. நனைந்ததும் மாற்ற வேண்டும். மூன்று மாஸ்க்கைப் பொலித்தீன் பையில் மடித்து எடுத்துப் போங்கள், கழற்றியதைப் போட இன்னொரு பை. இரவில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அடுப்புப் புகை படாத இடத்தில் காயப்போடுங்கள். புகை பிடித்த துணியோடு மலை ஏறினால் இருமல் வரும். அந்த இருமலைக் கேட்டு நீங்களும் பயப்படுவீர்கள், பக்கத்து நிரையில் நிற்பவரும் பயப்படுவார்.

பெருந்தொற்றுக் காலத்தில் வேலைத்தளத்தில் மாஸ்க் கட்டாயமாக இருந்தது. ஆனாலும் ஆபத்து எங்கே கூடுதல் என்று தெரிந்திருப்பது நல்லது. திறந்த மலையில் ஆளுக்கொரு நிரையாக நிற்கும்போது தொற்று பரவும் வாய்ப்புக் குறைவு. பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் இடம், ஆட்களை ஏற்றும் லொறி, பிள்ளை மடுவத்து (குழந்தைக் காப்பகத்து) வாசல், இந்த நாலு இடத்தில்தான் கூட்டம் நெருங்கும். நல்ல மாஸ்க்கை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது படபடப்பு. நின்ற இடத்திலேயே திடீரென்று வந்து, பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், விரல் நுனி கூசி, பிறகு தானே இறங்கினால் அது பெரும்பாலும் பயம் உடம்பில் காட்டும் வேலை. அந்த நேரத்தில் "நல்லா மூச்சை இழு" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். அதுதான் தவறு. அவசர அவசரமாக ஆழமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் கூச்சமும் தலைச்சுற்றலும் கூடும். மூச்சை வெளியே விடுவதில் கவனம் வையுங்கள்: 4 எண்ணும் வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். 30 தடவை செய்தால் ஐந்து நிமிடம். மலை ஏறும்போது இரண்டு எட்டுக்கு இழுத்து மூன்று எட்டுக்கு விடலாம்.

மூன்றாவது, யாரும் கேட்காமல் விடுகிற ஒன்று: இரத்தச்சோகை. தோட்டத்துப் பெண்களிடம் இது அதிகம். ஏற்றத்தில் மூச்சு வாங்குவது, படபடப்பு, களைப்பு எல்லாம் இதிலும் வரும். குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிப்பது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

கடைசியாகத் தொற்று. காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது, பத்து நிமிடம் உட்கார்ந்தும் அடங்காத மூச்சு வாங்கல், இவற்றில் ஒன்று இருந்தாலும் டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். இரத்தத்தில் ஒட்சிசன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஒட்சிமானி 94 வீதத்துக்குக் கீழே காட்டினால் வைத்தியசாலைக்கு. ஒரு விஷயம்: குளிர்ந்த விரலிலும், மருதாணி போட்ட விரலிலும் அந்தக் கருவி பிழையாகக் காட்டலாம். கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்து வாசியுங்கள்.

பேர் விஷயத்துக்கு ஒரு கொப்பி வையுங்கள். எந்தத் திகதி, எத்தனை கிலோ, சுகமில்லை என்று யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை அன்றன்றே எழுத வேண்டும். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தனிமைப்படுத்தினால் அந்தக் கடிதத்தின் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்த பிறகு கிலோ கணக்கைப் பற்றிய தகராறு பல தோட்டங்களில் எழுந்தது. வாய்ப்பேச்சு அதில் நிற்காது. கொழுந்து நிறுப்பதை நிரை நிரையாக நேரம் பிரித்துச் செய்யும்படி தோட்டத்துச் சங்கத் தலைவர் மூலம் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் "உனக்குத்தான் பயம்" என்று முடித்துவிடுவார்கள்.

கொழும்பில் கோல் சென்டரில் வேலை. ஊரடங்கோடு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்துவிட்டேன். 10க்கு 12 அடி அறையில் ஆறு பேர். இரவு 9 முதல் காலை 6 வரை லெப்டொப்பில் வேலை. பகலில் தூக்கமில்லை. மேலதிகாரி பகலிலும் வட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார். தலைவலி, எரிச்சல், அம்மாவோடு சண்டை. வேலையை விட்டுவிடலாமா?
– வாசகர், தலவாக்கலை

தூக்கம் இல்லாத ஆள் எடுக்கும் முடிவு அநேகமாகத் தப்பாகும். இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் தூக்கத்தைச் சரிசெய்து பார்ப்போம்.

உங்கள் நேரத்துக்கு ஒரே மூச்சில் எட்டு மணி நேரத் தூக்கம் லயத்தில் கிடைக்காது. இரண்டாகப் பிரியுங்கள்: காலை 6.30 முதல் 11.30 வரை ஒன்று, மாலை 5.30 முதல் 7 வரை ஒன்று. லீவு நாளிலும் காலைத் தூக்கத்தை அதே நேரத்தில் வையுங்கள். "இன்றைக்காவது எல்லோரையும்போல" என்று மாற்றினால் அடுத்த மூன்று நாள் கெடும். வேலை முடிந்ததும் வெளியே போய் வெயிலில் நின்று பல் துலக்காதீர்கள், காலை வெளிச்சம் மூளையை எழுப்பிவிடும். முகம் கழுவி, கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி, காதில் பஞ்சு வைத்துப் படுங்கள். கடைசித் தேத்தண்ணி இரவு 12.30க்குள். தேயிலையில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். தேயிலை நாட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

தலைவலிக்கு ஒரு கேள்வி. இரவில் குளிருக்கு அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் கதவைச் சாத்துகிறீர்களா? அப்படியானால் இன்றே நிறுத்துங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தலைவலி, குமட்டல், சோர்வுதான் முதல் அறிகுறி. தூக்கத்திலேயே உயிரையும் எடுக்கும். அறையில் மற்றவர்களுக்கும் காலையில் தலைவலி இருந்தால் சந்தேகமே வேண்டாம். முழங்காலுக்குக் கம்பளி போதும், அல்லது போத்தலில் சுடுதண்ணி.

கட்டிலில் உட்கார்ந்து மடியில் லெப்டொப் வைத்தால் கழுத்து வலியும் தலைக்கு ஏறும். சூட்கேசை நிமிர்த்தி அதன்மேல் லெப்டொப்பை வைத்து, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரச் செய்யுங்கள். தனிக் கீபோர்ட் ஒன்றைக் கீழே வையுங்கள். இடம் இஸ்தோப்பு (வாசல் திண்ணை) என்றால் சத்தமும் சண்டையும் குறையும், ஆனால் மழைச் சாரல் பார்க்க வேண்டும். கோயில் மண்டபம், வாசிகசாலை போன்ற இடத்தை வாரத்தில் இரண்டு மூன்று இரவுக்குக் கேட்டுப் பாருங்கள். கரண்ட் பில்லில் ஒரு பங்கு தருவதாக நீங்களே முதலில் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

இனி மேலதிகாரி. வட்ஸ்அப்பில் சண்டை போடாமல் ஓர் ஈமெயில் எழுதுங்கள். நாலு வரி போதும்: என் வேலை நேரம் இது, காலை 6.30 முதல் 11.30 வரை தொலைபேசி அணைத்திருக்கும். அவசரம் என்றால் எது அவசரம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சிக்னல் விழுந்தால் நான் தகவல் சொல்லும் வழி இது. குறை கூறும் சொல் ஒன்றும் வேண்டாம். சிக்னல் விழும் நேரங்களை ஒரு வாரம் குறித்து அதோடு இணையுங்கள். கணக்கைப் பார்க்கும் மேலதிகாரிக்கு அது புரியும்.

சம்பளத்தில் பாதி என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். 2020 மேயில் தொழில் அமைச்சு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் ஒத்துக்கொண்டது, வேலை கொடுக்க முடியாமல் வீட்டில் இருத்தப்பட்டவருக்கு: அடிப்படைச் சம்பளத்தில் 50 வீதம் அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது. முழு நேரம் வேலை செய்யும் உங்களுக்கு அது பொருந்தாது.

இரண்டு வாரம் தூங்கியும் களைப்பு தீரவில்லை, வேலையை நினைத்தாலே வெறுப்பு, செய்வதிலும் பயனில்லை என்று தோன்றினால், உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலையோடு சேர்ந்த நிலை என்று வரையறுத்த பணிச்சோர்வு அது. அப்போது வேலையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். அம்மாவிடம் மட்டும் இன்றே பேசுங்கள். தூங்கும் நேரத்தைக் கதவில் சோக்கால் எழுதி வையுங்கள். பாதிச் சண்டை அவருக்கு உங்கள் நேரம் தெரியாததால் வருவது.

எங்கள் பெக்டரியில் நோய் வந்து, தனிமைப்படுத்தல் முடிந்து திரும்பிய நாலு பேரோடு மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கவும் மறுக்கிறார்கள். வந்தவர்களும் முந்திய வேகத்தில் இல்லை. ஒருவர் கொழுந்து அரைக்கும் ரோலர் பக்கத்தில் நின்றபடியே தடுமாறினார். எப்படிச் சமாளிப்பது?
– தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர், அப்புத்தளை

தடுமாறியவரை இயந்திரத்திலிருந்து இன்றைக்கே எடுங்கள், மீதி பிறகு. கொவிட்டுக்குப் பின் வரும் களைப்பு சோம்பல் அல்ல. அதன் குணம் என்னவென்றால் அன்றைக்கு நன்றாக வேலை செய்துவிட்டு மறுநாள் விழுந்துவிடுவார்கள். ஆகவே அன்றைய வேகத்தைப் பார்த்து அளக்காமல் மறுநாள் காலை எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டும். முதல் வாரம் அரை நேரம், சமதரையில், உட்கார்ந்து செய்யும் வேலை: எடை எழுதுவது, பொதியில் அடையாளம் போடுவது. கொழுந்து வாட்டும் மேல்மாடிக்குப் படி ஏறுவதும் இரவு வேலையும் வேண்டாம். இரண்டாம் வாரம் முக்கால் நேரம். மறுநாள் மோசமானால் ஒரு படி கீழே இறங்குங்கள். "சமாளிச்சுப் பார்" என்று தள்ளக்கூடாது. நெஞ்சுவலி, மயக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கல் வந்தால் வைத்தியசாலை. இன்னொன்று: அரை நேரத்துக்கு அரைப்பேர் என்று போட்டால் அவர் களைப்பை மறைப்பார், மறைத்தபடி ரோலர் பக்கம் நிற்பார். இரண்டு வாரம் முழுப்பேர் கொடுப்பது ஒரு விரல் போவதைவிட மலிவு என்று துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) எழுதுங்கள்.

கொழுந்து அரைக்கும் வேலை விடியப்புறமே தொடங்கும். தூக்கக் கலக்கம், இயந்திரச் சத்தம், வாயை மூடிய மாஸ்க், மூன்றும் சேர்ந்தால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. முன்பு வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டவர்கள் இப்போது ஊகிக்கிறார்கள். நிறுத்து, வா, உதவி என்ற மூன்றுக்கும் கைச் சைகை ஒன்றை எல்லோரும் ஒத்துக்கொண்டு பழகுங்கள். ஒரே ஆட்கள் ஒரே குழுவில், சாப்பாடும் அந்தக் குழுவோடு என்று வைத்தால், ஒருவருக்கு வந்தாலும் முழு பெக்டரியையும் மூட வேண்டி வராது. அந்த நிச்சயமே பாதிப் பயத்தைக் குறைக்கும்.

ஒதுக்கி வைப்பதற்குப் பிரசங்கம் உதவாது. வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் எடுத்து, "தனிமைப்படுத்தல் காலம் முடிந்து, பீ.எச்.ஐ. அனுமதியோடுதான் யாரும் வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள், இனி அவர்களிடமிருந்து தொற்றும் என்ற பயம் வேண்டாம்" என்று பெயர் சொல்லாமல் பொதுவாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லலாமா என்று அந்த நாலு பேரிடமும் முதலில் கேட்க வேண்டும். அவர்களுக்கு மட்டும் தனிக் கோப்பை வைக்காதீர்கள். எல்லோரும் அவரவர் கோப்பை கொண்டுவரட்டும். முதல் மூன்று நாள் நீங்களே இடைவெளி விட்டு அவர்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடியுங்கள். "கொரோனாக்காரன்" என்ற பட்டப்பெயரை ஒரு தடவை கேட்டதும் நிறுத்த வேண்டும். பத்துத் தடவைக்குப் பிறகு அது ஆயுசுக்கும் ஒட்டிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. கொவிட் காலத்தில் பல பெக்டரிகளில் குளோரின் தண்ணியை அளவில்லாமல் தெளித்தார்கள். கண் எரிவு, தொண்டை அரிப்பு, தலைவலி வந்ததும் ஆட்கள் தங்களுக்குத் தொற்றிவிட்டது என்று நடுங்கினார்கள். 70 வீதக் குளோரின் தூள் என்றால் 10 லீற்றர் தண்ணிக்கு 15 கிராம் போதும், அதாவது மட்டமாக ஒரு மேசைக்கரண்டி. தெளிக்காமல் துணியால் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணியால் துடையுங்கள். கழிப்பறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சுவாயு வரும். தேயிலை இருக்கும் இடத்தில் குளோரினே வேண்டாம். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே வாசமில்லாத சவர்க்காரமும் தண்ணியும்.

ஆடைத் தொழிற்சாலையில் ஏழு வருடம். ஓர்டர் இல்லை என்று "சுயவிருப்பில் விலகுகிறேன்" என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இரவெல்லாம் அதே யோசனை.
– வாசகி, பதுளை

போடாதீர்கள். வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வாருங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒருவரை நிறுத்த 1971இன் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். உங்கள் கையெழுத்தைக் கேட்பது அதனால்தான். நிறுத்திவிட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டும். ஐந்து வருடம் தாண்டியதால் பணிக்கொடையும் உண்டு: மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஏழு வருடத்துக்கு மூன்றரை மாதச் சம்பளம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யோசனைக்கு ஓர் எல்லை கிடைத்தால் தூக்கம் வரும்.

ஊழியர்களின் மன அழுத்தத்துக்கு ஒன்லைனில் யோகா வகுப்பு வைக்கலாம் என்று எங்கள் ஒஃபிசில் தீர்மானித்திருக்கிறோம். பலன் இருக்குமா?
– நிறுவன முகாமையாளர், நுவரெலியா

வேலை நேரத்துக்குள் வைத்தால் கொஞ்சம் இருக்கும். மாலை 6 மணிக்கு வைத்தால் அதுவும் ஒரு மீட்டிங். அதற்கு முன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள்: அடுத்த மாதச் சம்பளம் எந்தத் திகதியில் வரும், ஒருவருக்குத் தொற்று வந்தால் அவரது லீவு எதில் கழியும், மாலை 6க்குப் பின் வரும் செய்திக்குப் பதில் போட வேண்டுமா இல்லையா. இவற்றுக்குப் பதில் தெரியாதவர் எந்த ஆசனத்திலும் அமைதியாக இருக்க மாட்டார்.

வீட்டுக்காரர் லொறி ஓட்டுகிறவர். தினமும் குடிப்பார். முடக்கத்தில் சாராயக்கடை பூட்டியதும் நேற்றிலிருந்து கை நடுங்குகிறது, வேர்க்கிறது, தூங்கவில்லை. குடியை விட இதுதான் நல்ல சந்தர்ப்பம் என்று மாமியார் சொல்கிறார்.
– வாசகி, மஸ்கெலியா

மாமியார் சொல்வது பாதி சரி. ஆனால் வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரமளவில் நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் ஆளை ஆள் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, காய்ச்சல் வரலாம். நீங்கள் எழுதியிருப்பது முதல் கட்டம். பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், இன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்று மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். விற்றமின் பி1 பற்றியும் கேளுங்கள். நடுக்கத்தை அடக்கக் கசிப்போ (கள்ளச்சாராயமோ) கைகழுவும் திரவமோ குடிக்கப் பார்ப்பார்கள். வீட்டில் உள்ள சனிடைசரை ஒளித்து வையுங்கள்.

வேலைத்தளத்துக்கு வைத்தியச் சான்றிதழ் போதும், காரணத்தை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியசாலையில் தரும் மாத்திரை தூக்கத்தைக் கூட்டும். டொக்டர் சரி என்று சொல்லும் வரை அவரிடம் லொறிச் சாவி கொடுக்க வேண்டாம். இந்த வளைவுப் பாதைகளில் அது விளையாட்டல்ல.

எனக்குக் கீழே வேலை செய்யும் ஒரு தம்பி, அடகு நகையும் போய், நுண்கடனும் கட்ட முடியாமல், "இருந்து என்ன செய்ய" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். களை, பூச்சிக்கு மருந்தடிக்கிற வேலை அவனுக்கு. கேட்டால் நானே நினைப்பைக் கொடுத்தமாதிரி ஆகிவிடுமோ?
– கங்காணி, இராகலை

ஆகாது. நேராகக் கேட்பது நினைப்பைக் கொடுப்பதில்லை. கேட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கூட்டத்தில் வேண்டாம், வேலை முடிந்து தனியாக நடந்து வரும்போது கேளுங்கள்: "தம்பி, செத்துப்போகலாம் என்று நினைக்கிறியா?" ஆமென்றால் திட்டாதீர்கள், பிள்ளைகளைச் சொல்லிக் குற்ற உணர்வு ஏற்றாதீர்கள், உடனே புத்தியும் சொல்ல வேண்டாம். எப்போது, எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் அன்றைக்கு அவரைத் தனியே விடக்கூடாது.

மருந்தடிக்கும் வேலையிலிருந்து அன்றே மாற்றுங்கள், வேறு காரணம் சொல்லி. மருந்து அறைச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். வெற்றுப் போத்தல், மீதி மருந்து எதுவும் லயத்துக்குப் போகக்கூடாது. அவர் வீட்டுக் கூரையிடுக்கில் ஏற்கெனவே இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கை எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த மோசமான சில மணி நேரம் கடந்துபோகும், பலருக்கு நினைப்பும் மாறும்.

1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணி நேரமும் உண்டு. அவர் கூச்சப்பட்டால் உங்கள் தொலைபேசியிலிருந்து நீங்களே எடுத்துப் பேசி, பிறகு அவர் கையில் கொடுங்கள். மறுநாள் ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ கூடப் போக வேண்டும். "போ" என்று சீட்டைக் கொடுத்து அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவார். கடன்காரர் வரும் நாளை விசாரித்து வையுங்கள், அன்றைக்கு அவர் லயத்தில் தனியாக இருக்கக்கூடாது.